மூடிய கிணற்றில் கரைத்த பச்சை

அவலூர்பேட்டை பஸ்ஸை விட்டு நான் செஞ்சியில் இறங்கியபோது காலை பதினொரு மணி. சித்திரை மாதம். மலைப்பாறைகள் வாங்கிய வெயிலையெல்லாம் ஊர்மேலேயே திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு நாளில், வீட்டுக்குள் தரை ஈரமாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஊரே குடத்தோடு வரிசையில் நிற்கிறது, இவர்களுக்கு மட்டும் வேண்டாம் என்றாலும் தண்ணீர் வருகிறதாம்.

என் தொழில் அதுதான். கட்டடத்தில் நீர்க்கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஏழு வருஷமாக இதைச் செய்கிறேன். இந்த வேலைக்கு ஒரு பெண்ணா என்று கேட்காத வீடு இல்லை. பேய், பிசாசு என்று எவராவது ஆரம்பித்தால், முதலில் குழாயைப் பாருங்கள் என்பேன். எனக்குப் பயம் அவ்வளவு சுலபத்தில் வராது. அதனால்தான் நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

கடைத்தெருவுக்குப் பின்னால், சமணக் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்திருக்கும் சந்தில் அந்த வீடு. கதவைத் திறந்தவள் லீலாவதி. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். அவள் கணவன் பெங்களூரில் வேலை. வீட்டில் அவளும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரத்தை விட்டு ஓய்ந்துவிட்ட மாமனார் விருஷபதாஸும், ஐந்து வயது மகள் சுந்தரியும்தான். சுந்தரி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய இருமலை நான் கேட்டதில்லை.

"இந்த வருஷத்துல ரெண்டு தடவ நிமோனியா வந்துட்டுது," என்றாள் லீலாவதி. "மூணாவது தடவ வந்தா புள்ள தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஈரம் இல்லாத எடத்துல வையின்றாரு. நான் இன்னா பண்றது மணி? எந்த ரூமுக்கு மாத்தினாலும் ரெண்டே நாள்ல அந்த ரூமும் ஊறிப்போவுது."

"வேற எங்கயாவது கொஞ்ச நாள் கூட்டினு போயிருக்கலாமே அக்கா?"

"வந்தவாசியில எங்க அம்மா ஊட்டுக்குப் போனேன். அங்கயும் இவ கட்டிலுக்குக் கீழ தண்ணி."

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்கமில்லாத தாய்மார்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வது சகஜம்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கொடுக்குமுன் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து அதில் வடிகட்டினாள். பிறகு அந்தத் துணியை ஒரு சின்னச் செம்புக்குள் அலசி, செம்பைக் கயிற்றில் கட்டி, முற்றத்துத் தொட்டிக்குள் மெதுவாக இறக்கினாள். செம்பின் அடியில் ஒரு வளையம், அதில் இன்னொரு கயிறு. தண்ணீரைத் தொட்டபிறகு அந்தக் கயிற்றை இழுத்தால் செம்பு சத்தமில்லாமல் கவிழும்.

"பில்டர்தான் இருக்குதே அக்கா, இது எதுக்கு?"

"துணியில தங்குறதும் உசுருதானே மணி. எந்தத் தண்ணியில வந்துச்சோ அந்தத் தண்ணிக்கே அனுப்பிடணும். மாத்தி ஊத்தக் கூடாது. மேல இருந்து கொட்டவும் கூடாது, அடிபட்டுடும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு தடுமாற்றம் இருந்தது. அப்போது நான் அதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

என் பையில் எப்போதும் ஒரு பழுப்புப் புட்டி இருக்கும். உள்ளே ஃப்ளூரசீன் என்ற சாயம். பார்த்தால் செங்கல் தூள்தான். தண்ணீரில் விழுந்த உடனே கரைந்து, பளீரென்று பச்சையாகிவிடும். ஒரு சிட்டிகை போதும், ஒரு தொட்டியே பாசிநிறமாக மாறும். இன்னும் தண்ணீர் சேரச் சேர வெறும் கண்ணுக்கு நிறம் மறைந்துபோகும், ஆனால் இருட்டில் நீல டார்ச்சை அடித்தால் பற்றி எரிகிற மாதிரி ஒளிரும். விஷம் இல்லை. கண்ணில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கண் டாக்டர்கள் இதைத்தான் விடுகிறார்கள். அதற்கு எதிரி இரண்டுதான்: வெயிலும், ப்ளீச்சிங் பவுடரும்.

வேலை சுலபம், பொறுமைதான் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு இடத்துத் தண்ணீரில் மட்டும் சாயத்தைக் கரைக்க வேண்டும். மறுநாள் ஈரமான அறையை இருட்டாக்கி டார்ச் அடிக்க வேண்டும். பச்சை தெரிந்தால் அங்கிருந்துதான் கசிவு. தெரியாவிட்டால் அந்த இடத்தை ப்ளீச்சிங் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த இடம்.

மூன்று நாள் போய் வந்தேன். மாடித் தொட்டி, முற்றத்துத் தொட்டி, குளியலறைச் சாக்கடை. மூன்றிலும் ஒன்றுமில்லை. சுந்தரியின் கட்டிலுக்குக் கீழே தரை மட்டும் நாளுக்கு நாள் ஊறிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் ஐஸ் மாதிரி குளிர்ச்சி. வாசனை வேறு. பாசியும் பித்தளையும் கலந்த, வெகுநாள் மூடிக்கிடந்த வாசனை.

"இன்னும் எங்கயாவது தண்ணி இருக்குதா ஐயா?" என்று விருஷபதாஸிடம் கேட்டேன்.

அவர் பின்கட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"பின்னால ஒரு கெணறு இருக்குது. மூடிட்டோம். அத மட்டும் வுட்டுடும்மா."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய பெரிய பேத்தி, சுந்தரியின் அக்கா, அதில் விழுந்து போய்விட்டாளாம். எட்டு வயது. பெயர் பிரம்மி. மறுமாதமே மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். மோட்டார் வைக்கலாம் என்று இரண்டடிக்கு ஒரு இரும்பு மூடி மட்டும் விட்டார்கள். மோட்டார் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

"எங்க தர்மத்துல உசுரு ஒரு கணம்கூட நிக்காதும்மா," என்றார் பெரியவர். "போன உடனே அடுத்த பொறப்பு. அங்க இன்னா இருக்குது? வெறும் தண்ணி."

"வெறும் தண்ணின்னா தொறக்கலாமே ஐயா."

அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து சுந்தரி இருமும் சத்தம் வந்தது. நிற்கவே இல்லை. கடைசியில் அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மூடியைத் தூக்கியதும் அதே வாசனை முகத்தில் அடித்தது. டேப்பில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி அளந்தேன். தண்ணீர் முப்பத்தெட்டு அடியில் இருந்தது. அவ்வளவு ஆழத்துத் தண்ணீர் தரைக்கு ஏறி வராது, எந்தப் புத்தகத்திலும் வராது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு ஸ்பூன் தூளைப் பாட்டிலில் கரைத்துக் குழாய் வழியாக இறக்கினேன். ஒரு துளி வெளியே சிந்தவிடவில்லை. கையுறையை அங்கேயே கழற்றிப் பையில் கட்டினேன். கால் கழுவினேன். அறைக்குப் போய், கதவைச் சாத்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எங்கும் பச்சை இல்லை. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், நானே காலில் ஒட்டிக்கொண்டு வந்திருப்பேன் என்று பிறகு எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாள் மதியம் மூன்று மணி.

சுந்தரி காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம். லீலாவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் கோணியைச் செருகினேன். வெளியே வெயில் கொளுத்துகிற நேரத்தில் உள்ளே நல்ல இருட்டு. வெளிச்சத்தோடு சேர்த்துச் சூடும் போய்விட்டது. கை மயிர் குத்திட்டது.

டார்ச்சை அழுத்தினேன்.

முதலில் நீலம்தான். துவைத்த துணிகள் சோப்புத்தூளால் நீலமாக மின்னும். சுந்தரியின் சட்டை, கட்டில் விரிப்பு, என் கைக்குட்டை. அது எனக்குப் பழக்கம். தரையில் வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டே போனேன்.

கிணறு இருக்கும் பின்கட்டுக்குப் போகும் வாசற்படியில் ஒரு பச்சைப் புள்ளி.

அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு புள்ளிகள், வரிசையாக, ஒன்றைவிட ஒன்று சின்னதாக.

கால்விரல்கள்.

குழாய்க் கசிவு ஒழுகும், பரவும், ஓரமாக ஊறும். அது நடக்காது. இது நடந்திருந்தது. படியிலிருந்து ஒரு அடி, அடுத்த அடி, அடுத்த அடி. வெறுங்கால். குதிகால் மெலிதாக, விரல்கள் அழுத்தமாக, தூங்குகிறவர்களை எழுப்பாமல் வருகிற நடை.

அடிகள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. இரண்டு பாதங்களும் சேர்ந்து, சுந்தரியைப் பார்த்தபடி. அந்த இடத்தில் மட்டும் பச்சை குளமாகத் தேங்கியிருந்தது. வெகுநேரம் நின்றிருக்க வேண்டும்.

டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மணி?" என்று லீலாவதி கிசுகிசுத்தாள்.

வெளிச்சத்தைக் கட்டில்மேல் உயர்த்தினேன். சுந்தரியின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, நீலத்தின் நடுவே பச்சையாக ஒரு உள்ளங்கை. ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

லீலாவதி அதன்மேல் தன் கையை வைத்தாள். அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை.

"அவளுதுதான்," என்றாள்.

அடிகள் அங்கே முடியவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போயின. அங்கே சுந்தரியின் துணிமணி வைக்கும் தகரப் பெட்டி இருந்தது. மூடியின் விளிம்பெல்லாம் பச்சை. வந்த விரல்கள் அதைத் திறக்கப் பார்த்திருக்கின்றன. ஒரு முறை அல்ல, எத்தனையோ முறை.

"இதுல இன்னாக்கா இருக்குது?"

நான் பெட்டியைத் திறந்தேன். மடித்த பாவாடைகளுக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி. எடுத்தால் கையெல்லாம் தண்ணீர். மற்ற துணிகள் காய்ந்து கிடந்தன, இது மட்டும் இப்போதுதான் நனைத்த மாதிரி சொட்டியது.

அவள் அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"அன்னிக்குக் காத்தால நான்தான் தண்ணி சேந்தினேன் மணி. அவ பள்ளிக்கூடம் கெளம்பிட்டான்னு நெனச்சேன். கெணத்துக்குள்ள இருக்கான்னு தெரியாது. வடிகட்டினேன். சோறாக்கினேன். எல்லாரும் சாப்ட்டோம். துணிய அலசப் போனா அதுல ஒரு முடி இருந்துச்சு. நீளமா. அப்பதான் ஓடிப்போய் எட்டிப் பாத்தேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

"இந்தத் துணிய நான் அலசலை. கெணத்துக்கு அனுப்பலை. அனுப்பிட்டா அவளும் போயிடுவான்னு வச்சுக்கினேன். சின்னது எங்க போனாலும் இந்தப் பெட்டியும் கூடவே போவும்."

வந்தவாசி வீட்டில் ஏன் ஈரம் வந்தது என்று அந்த இருட்டில் எனக்குப் புரிந்தது. புரியாமலேயே இருந்திருக்கலாம். பிரம்மி தங்கையைத் தேடி வரவில்லை. துணியில் தங்கிப்போன தன்னுடையதை வாங்கிக்கொண்டு போக வருகிறாள். கிடைக்காததால் திரும்பத் திரும்ப வருகிறாள். வருகிற வழியில் தங்கை தூங்குகிறாள், தொட்டுப் பார்க்கிறாள். அந்தக் குளிர்ச்சியைச் சுந்தரியின் நெஞ்சு தாங்கவில்லை.

"அக்கா, பெரியவ போயிட்டா. சின்னவளையும் வுட்டுடாதீங்க," என்றேன். இதற்கு முன் எந்த வீட்டிலும் நான் அப்படிப் பேசியதில்லை. வழக்கமாக சிமென்ட் பூசச் சொல்லிவிட்டுப் போகிறவள்.

சுந்தரி தூக்கத்தில் மூச்சுக்குத் திணறினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. லீலாவதி அதைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். எழுந்தாள்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. பின்கட்டில் நான் இரும்பு மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வடிகட்டிய தண்ணீரைச் செம்பில் ஊற்றி, அந்தத் துணியை அதில் முக்கி, லீலாவதி மூன்று முறை உதறி அலசினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்தாள். பிறகு செம்பைக் கயிற்றில் இறக்கினாள். முப்பத்தெட்டு அடி. கயிறு தளர்ந்தது. அடிக்கயிற்றை இழுத்தாள்.

சத்தமே வராது என்று சொல்லியிருந்தேனே. வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ மூச்சை வெளியே விட்ட மாதிரி ஒரு சத்தம்.

விருஷபதாஸ் சற்றுத் தள்ளி நின்று கைகூப்பியிருந்தார். அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. உயிர் ஒரு கணமும் நிற்காது என்று சொன்ன மனிதர் வியர்வையில் நனைந்திருந்தார்.

அன்றிரவே சுந்தரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். தரை காய்ந்துவிட்டது என்று லீலாவதி போனில் சொன்னாள். நான் ரிப்போர்ட்டில், மூடிய கிணற்றிலிருந்து கசிவு, சரிசெய்யப்பட்டது என்று எழுதிவைத்தேன். வேறு என்ன எழுதுவது?

அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாசியில் சிங்கவரம் பக்கம் ஒரு மண்டபத்துக்கு வேலையாகப் போனேன். திரும்பும் வழியில் அந்த வீட்டை எட்டிப் பார்த்தேன். சுந்தரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். கன்னம் உப்பி, குண்டாகிவிட்டாள். "ரேஷன் அரிசி பூரா நீயே சாப்ட்டுட்டியா?" என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு ஓடினாள். எனக்கு மனசு நிறைந்தது.

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள்.

லீலாவதி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் மட்டும் நான் முன்பு பார்க்காத ஒரு தெளிவு.

"வா மணி. அந்த நீல டார்ச் பையில இருக்குதா?"

"இருக்குதுக்கா. மறுபடி ஈரமா?"

"தரையில இல்ல."

என்னைப் பழைய அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் இடுக்குகளில் கோணி ஏற்கெனவே செருகியிருந்தது. தரையில் டார்ச் அடித்தேன். சுத்தம். ஒரு புள்ளிகூட இல்லை.

"அன்னிக்குத் துணிய அலசினேன் இல்ல," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "முடிய மட்டும் எடுத்து வச்சுக்கினேன். ஒரு முடிதானே மணி. பெட்டியில வச்சாத்தானே சின்னவளுக்கு ஆபத்து? நான் என் தாலிக்கயித்துலயே சுத்திக்கினேன். இப்ப அவ சின்னவகிட்டப் போறதே இல்ல."

கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. "கழட்டிக் கெணத்துல போடுங்கக்கா," என்றேன்.

"ராத்திரியில வருவா. பின்னாடி வந்து ஒட்டிக்குவா. ஜில்லுன்னு இருக்கும்," என்றாள். இருமினாள். "முதுகு எனக்குத் தெரியலை. நீ பாத்துச் சொல்லு. எவ்ளோ வளந்திருக்கா?"

முந்தானையை விலக்கிவிட்டுத் திரும்பி நின்றாள்.

டார்ச்சை உயர்த்தினேன்.

இடுப்பில் ஒரு ஜோடி உள்ளங்கை. மங்கிப்போன பச்சை. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு ஜோடி. அதற்கும் மேலே இன்னொன்று. பிள்ளைகள் வளர வளரச் சுவரில் கோடு போட்டு வைப்போமே, அப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. மேலே போகப் போகப் பச்சை புதிதாக, ஈரமாக இருந்தது. கடைசி ஜோடி தோள்பட்டையில். அதற்கு நாலு விரல் மேலேதான் தாலிக்கயிறு.

அவள் வளர்ச்சி என்று நினைத்துச் சந்தோஷப்படுவது வளர்ச்சி இல்லை, முடி சுற்றிய கயிற்றைத் தேடி ஏறுவது என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கதவு சாத்தியிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவளுடைய பிடரியில், வெறும் தோலின்மேல், ஒவ்வொரு விரலாகப் பச்சை பதிந்தது.